பண்டைய ரோமர்களும் ‘தேசம்’ என்ற கருத்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோமானிய வரலாற்றைத் தமிழில் வாசிக்கும்போது ‘ரோமானிய தேசம்’, ‘ரோமானிய இனம்’, ‘ரோமானிய மக்கள்’ என்ற தொடர்கள் ஒன்றுக்கொன்று மாற்றாகப் புழங்குவதைக் காணலாம். லத்தீன் மொழியில் இவை வெவ்வேறு சொற்கள். அவற்றின் எடையும் வெவ்வேறு. அந்த வேறுபாட்டைத் தவறவிட்டால், ஒரு சிறு நகரம் எவ்வாறு மத்தியதரைக் கடலைச் சுற்றியிருந்த மக்களையெல்லாம் ‘ரோமர்’ என்று அழைக்கும் நிலைக்கு வந்தது என்பதே விளங்காமல் போகும். வாசகர்கள் பொதுவாக எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கப்படுகிறது.

ரோமர்கள் தங்களை ஒரு தேசமாகக் கருதினார்களா?

இன்று நாம் கொள்ளும் பொருளில் இல்லை. பிறப்பால் ஒன்றுபட்ட கூட்டத்தைக் குறிக்க அவர்களிடம் ‘நாத்தியோ’ என்ற சொல் இருந்தது. ஐரோப்பிய மொழிகளில் இன்று தேசத்தைக் குறிக்கும் சொற்கள் பலவும் அதிலிருந்தே பிறந்தவை. ஆயினும் ரோமர்கள் அந்தச் சொல்லைப் பெரும்பாலும் பிறருக்கே வைத்திருந்தார்கள். சிரியர் ஒரு நாத்தியோ, ஜெர்மானியர் பல நாத்தியோக்கள். தங்களைப் பற்றிப் பேசும்போது அவர்கள் கையாண்ட சொல் ‘பொப்புலுஸ்’, அதாவது மக்கள். அரசாணைகளிலும் கல்வெட்டுகளிலும் ‘ரோமின் செனட்டும் மக்களும்’ என்றே பொறித்தார்கள். மற்றவர்களை இயற்கை ஈன்றது, தங்களைச் சட்டமும் அரசும் ஆக்கின என்ற எண்ணம் இந்தச் சொல்லாட்சிக்குள் இருக்கிறது.

‘நாத்தியோ’ என்ற சொல்லின் பொருள் என்ன?

பிறத்தல் என்ற வினையிலிருந்து வந்த சொல் இது. ரோமுக்குத் தெற்கே அர்தேயா என்ற ஊரின் பகுதியில் நாத்தியோ என்ற பெயரிலேயே ஒரு பெண் தெய்வம் இருந்ததாகவும், பிரசவிக்கும் பெண்களைக் காப்பது அவள் தொழில் என்றும் ரோமானிய அரசியல்வாதியும் பேச்சாளருமான சிசெரோ குறிப்பிடுகிறார். பிறப்பு, பிறப்பால் வரும் வகை, ஒரே வகையைச் சேர்ந்தோர் கூட்டம் என்று பொருள் விரிந்தது. அதனால் அரசியல் பேச்சில் இளக்காரமாகவும் அது பயன்பட்டது: கி.மு. 56இல் ஒரு வழக்கில் உயர்குடிக் கட்சியினரை ‘அந்த நாத்தியோ’ என்று எதிர்த்தரப்பினர் சுட்டியதைச் சிசெரோ பிடித்துக்கொண்டு நீண்ட பதில் உரைத்தார். ‘அந்தக் கூட்டம்’, ‘அந்த ரகம்’ என்று நாம் சொல்லும் தொனி அதில் இருந்தது.

இச்சொல்லின் மிகக் கொடிய பயன்பாடு அடிமைச் சந்தையில் நிகழ்ந்தது. சந்தையை மேற்பார்வையிட்ட ஏடில் என்னும் அதிகாரிகளின் ஆணைப்படி, அடிமையை விற்பவர் அவரது நாத்தியோவை அறிவிக்க வேண்டும். சில நாத்தியோக்களுக்கு நல்ல பெயரும் சிலவற்றுக்குக் கெட்ட பெயரும் இருப்பதால் அது வாங்குபவரை ஈர்க்கவோ விலக்கவோ செய்யும் என்று சட்ட அறிஞர் உல்பியன் இதற்குக் காரணம் கூறுகிறார். ஒரு மனிதருக்குச் சட்டம் தந்த நிலையெல்லாம் பறிபோன பிறகும் அவரிடம் மிஞ்சி நிற்பது நாத்தியோ. இந்த ஓர் ஆணையை மனத்தில் வைத்துக்கொண்டால், ரோமர்கள் ஏன் தங்களை அந்தச் சொல்லால் அழைத்துக்கொள்ளத் தயங்கினார்கள் என்பது எளிதில் புரியும்.

அப்படியானால் ‘கென்ஸ்’ என்பது என்ன?

இதுவும் பிறப்போடு தொடர்புடைய சொல்தான். ரோமுக்குள் அது குலத்தைக் குறித்தது: ஜூலியஸ் சீசர் ஜூலியக் குலத்தவர். ரோமுக்கு வெளியே அது ஒரு பெரிய மக்கள் தொகுதியைக் குறித்தது. கென்ஸ் பெரியது, நாத்தியோ அதன் உட்பிரிவு என்ற பாகுபாட்டைச் சில இடங்களில் காணலாம். ஜெர்மானியரைப் பற்றி எழுதும்போது வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், ‘ஜெர்மானியர்’ என்பது முதலில் ஒரு நாத்தியோவின் பெயராக இருந்து, படிப்படியாக முழு கென்ஸுக்கும் பெயராயிற்று என்கிறார். ஆனால் எல்லா எழுத்தாளர்களும் இந்த வரம்பைக் காத்தார்கள் என்று சொல்ல முடியாது.

ரோமர்கள் தங்களையே கென்ஸ் என்று பாடிய இடமும் உண்டு. உலகை ஆளும் ரோமர்களை ‘தோகா என்னும் மேலாடை அணிந்த கென்ஸ்’ என்று கவிஞர் விர்ஜில் பாடினார். பொதுக்கூட்டத்தில் மங்கிய மேலங்கிகளோடு நின்ற கூட்டத்தைக் கண்ட பேரரசர் அகஸ்டஸ் சினந்து இந்த அடியையே சொல்லிக்காட்டினார் என்றும், பின்னர் மன்றத்தில் தோகா அணியாமல் யாரும் நிற்கலாகாது என்று அதிகாரிகளுக்கு உத்தரவிட்டார் என்றும் அவர் வாழ்க்கையை எழுதிய சுவெட்டோனியஸ் கூறுகிறார். இங்கேகூட அந்தக் கென்ஸின் அடையாளம் உடலில் இல்லை, குடிமகன் மட்டுமே உடுத்த உரிமையுள்ள ஓர் ஆடையில் இருக்கிறது.

‘பொப்புலுஸ்’ என்பதற்கு அவர்களே வரையறை தந்திருக்கிறார்களா?

தந்திருக்கிறார்கள். கி.மு. 50களில் எழுதிய அரசியல் உரையாடல் நூலில் சிசெரோ இவ்வாறு விளக்குகிறார்: அரசு என்பது மக்களின் உடைமை, எப்படியோ திரண்ட மனிதர் கூட்டமெல்லாம் மக்கள் ஆகிவிடாது, நீதியைப் பற்றிய உடன்பாட்டாலும் பயனில் பங்குகொள்வதாலும் இணைந்த கூட்டமே மக்கள். இந்த வரையறையில் இரத்தம் இல்லை, மொழி இல்லை, நிலம்கூட இல்லை. கிரேக்க ஆசிரியர் ஹெரோடோட்டஸ் கிரேக்கர்களை ஒன்றிணைப்பவற்றை எண்ணும்போது முதலில் வைப்பது ஒரே இரத்தத்தையும் ஒரே மொழியையும்தான்.

பொதுவான மூதாதையர் என்ற நம்பிக்கை ரோமர்களிடம் இருக்கவில்லையா?

இருந்த கதைகளே கலப்பைச் சொல்லும் கதைகள். ட்ராயிலிருந்து அகதியாக வந்த ஏனியாஸ் இத்தாலியில் லத்தீனியரோடு கலக்கிறார். நகரத்தை நிறுவிய ரோமுலஸ், கப்பிட்டோலியக் குன்றில் ஓர் அடைக்கலம் திறந்து, சுற்றுப்புறத்திலிருந்து வந்தவர் சுதந்திரரா அடிமையா என்று பாராமல் சேர்த்துக்கொண்டார் என்று வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். பின்னர் மனைவியர் வேண்டிச் சபீனியப் பெண்களைக் கவர்ந்தார்கள். அதனால் மூண்ட போர் இரு மக்களும் ஒன்றாவதில் முடிந்தது. கவர்ந்து சென்றதை மறைக்காமல் இந்தக் கதையைப் பெருமையோடு சொன்னார்கள் என்பது நமக்கு உறுத்துகிறது. ஆயினும் தூய குருதி என்ற பேச்சுக்கு இடமில்லாத தொடக்கம் இது. தொல்குடிப் பெருமை பேசிய ஒருவரிடம், உன் முதல் மூதாதை ஓர் இடையனாக இருந்திருப்பான், அல்லது நான் சொல்ல விரும்பாத வேறொருவனாக இருந்திருப்பான் என்று கவிஞர் ஜுவெனல் சொன்னது அந்த அடைக்கலத்தை நினைத்துத்தான்.

ஏதென்ஸோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். தாங்கள் அந்த மண்ணிலிருந்தே முளைத்தவர்கள் என்று ஏதேனியர் நம்பினார்கள், கி.மு. 451இல் பெரிக்கிளிஸ் கொண்டுவந்த சட்டப்படி தாய், தந்தை இருவரும் ஏதேனியராக இருந்தாலன்றிப் பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை. ரோமிலோ, குடிமகன் ஒருவர் முறைப்படி விடுதலை செய்த அடிமை குடிமகன் ஆனார். விடுதலைக்குப் பிறகு அவருக்குப் பிறந்த மகன் பதவிக்கும் போட்டியிடலாம். கி.மு. 3ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாசிடோனிய அரசர் ஐந்தாம் பிலிப், தெசலியிலுள்ள லாரிசா நகரத்தாருக்கு எழுதிய மடலில், ரோமர்கள் விடுதலையான அடிமைகளையும் குடிமக்களாக்கித் தங்கள் நகரத்தைப் பெருக்கிக்கொண்டதை முன்மாதிரியாகக் காட்டுகிறார். அம்மடல் கல்வெட்டாகக் கிடைத்திருக்கிறது. எதிரியின் சான்று என்பதால் அதற்கு நான் தனி மதிப்புத் தருவேன்.

ஒருவருக்கு இரண்டு தாயகங்கள் இருக்கலாமா?

இருக்கலாம் என்றார் சிசெரோ; அவர் வாழ்க்கையே அதற்குச் சான்று. அவர் கி.மு. 106இல் பிறந்த அர்ப்பினும், ரோமுக்குத் தென்கிழக்கே உள்ள மலையூர். அங்கே ஒரு காலத்தில் வாழ்ந்தவர்கள் வோல்ஸ்கியர், ரோமின் பழைய பகைவர்கள். கி.மு. 188இல்தான் அவ்வூருக்கு வாக்குரிமையோடு கூடிய முழுக் குடியுரிமை கிடைத்தது. சட்டங்கள் பற்றிய தம் நூலில், அந்த ஊரின் ஆற்றிடைத் தீவில் நண்பர் அட்டிக்கஸோடு அமர்ந்து பேசுவதாக அமைத்த காட்சியில் அவர் சொல்கிறார்: சிற்றூர்களிலிருந்து வந்த எல்லோருக்கும் இரண்டு ‘பத்ரியா’ உண்டு; ஒன்று பிறப்பால் வந்தது, மற்றொன்று குடியுரிமையால் வந்தது. பிறந்த ஊர் என்றும் இனிது. ஆனால் எதற்காக உயிரையும் தர வேண்டுமோ, அந்தப் பெரிய பத்ரியா எல்லோருக்கும் பொதுவான அரசே.

பத்ரியா என்பது தந்தையர் நாடு என்ற பொருளுடைய சொல். அதையே சட்டத்தால் பெறக்கூடிய ஒன்றாக அவர் மாற்றிவிடுவதைக் கவனிக்க வேண்டும். இது எல்லோருக்கும் உவப்பாக இருக்கவில்லை. கி.மு. 63இல் ரோமின் உயர்ந்த ஆட்சிப் பதவியான கான்சலாக இருந்த அவரை, உயர்குடியில் பிறந்த கட்டிலினா செனட்டிலேயே ‘ரோமில் வாடகைக்குக் குடியிருப்பவன்’ என்று இகழ்ந்தார். உரிமை சட்டத்தால் கிடைத்துவிட்டது; மதிப்புக் கிடைக்கப் பிந்தியது.

இத்தாலி ஒரு தேசமாக இருந்ததா?

ஒரு முறை ஆக முயன்றது. அம்முயற்சி ரோமுக்கு எதிராக எழுந்தது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் இத்தாலியத் தீபகற்பத்தில் ரோமர், லத்தீனியர், உடன்படிக்கையால் கட்டுண்ட ‘நட்பு நாட்டார்’ என்று பல படிநிலைகள் இருந்தன. ரோமின் போர்களில் பாதிக்கும் மேற்பட்ட வீரர்களை நட்பு நாட்டார் தந்தார்கள். நிலப் பங்கீட்டிலும் வாக்கிலும் அவர்களுக்குப் பங்கில்லை. கி.மு. 95இல் வந்த ஒரு சட்டம், குடிமக்களைப் போல நடந்துகொண்ட நட்பு நாட்டாரைத் தேடி விலக்கியது. அவர்களுக்குக் குடியுரிமை தர முயன்ற மார்க்கஸ் லிவியஸ் ட்ரூசஸ் கி.மு. 91இல் கொலையுண்டபோது பொறுமை முடிந்தது. அஸ்குலும் நகரில் ரோமானிய அதிகாரியும் அங்கிருந்த ரோமர்களும் கொல்லப்பட்டார்கள். மார்சியர், சாம்னியர் முதலிய பல மக்கள் ஒன்றாகக் கிளர்ந்தார்கள்.

அவர்கள் கோர்ஃபினியும் என்ற ஊரைத் தலைநகராக்கி ‘இத்தாலிக்கா’ என்று பெயரிட்டார்கள். தங்கள் நாணயங்கள் சிலவற்றில், தென் இத்தாலிய மக்கள் பேசிய ஆஸ்கன் மொழியின் எழுத்தில் ‘வித்தேலியு’, அதாவது இத்தாலி, என்று பொறித்தார்கள். ஒரு நாணயத்தில் இத்தாலியின் காளை ரோமின் ஓநாயைக் கொம்பால் குத்திச் சாய்க்கிறது. பண்டைய இத்தாலியில் தேசியம் என்று அழைக்கத்தக்க ஒன்றைத் தேடுபவர்கள் இந்த வெள்ளிக் காசை எடுத்துப் பார்க்க வேண்டும் என்பேன்.

ஆனால் போர் முடிந்த விதமே ரோமானிய எண்ணத்தைக் காட்டுகிறது. கி.மு. 90இல் கான்சல் லூசியஸ் ஜூலியஸ் சீசர் கொண்டுவந்த சட்டம், விசுவாசமாக இருந்த நட்பு நாட்டார்க்குக் குடியுரிமை அளித்தது. மறு ஆண்டில் வந்த சட்டப்படி, இத்தாலியில் குடியிருந்து 60 நாட்களுக்குள் ரோமில் பிரீட்டர் என்னும் நீதி அதிகாரி முன் பதிந்துகொண்டவர்களும் குடிமக்களானார்கள். கி.மு. 115இன் கணக்கெடுப்பில் சுமார் 3 லட்சத்து 94 ஆயிரமாக இருந்த குடிமக்கள் எண்ணிக்கை, கி.மு. 70இல் ஏறத்தாழ 9 லட்சமாக உயர்ந்தது. போர்க்களத்தில் தோற்றவர்கள் கேட்டதைப் பெற்றார்கள். ‘வித்தேலியு’ என்ற தனி அரசுக்கான தேவை அதோடு கரைந்தது. கிளர்ச்சிக் காலத்தில் ரோமின் பக்கம் நின்ற ஓர் இத்தாலியரின் வழிவந்த வெல்லேயஸ் பட்டர்குலஸ், அவர்களுடைய விதி கொடியது, ஆனால் கோரிக்கை மிக நியாயமானது, எந்த அரசைத் தங்கள் ஆயுதத்தால் காத்தார்களோ அதன் குடியுரிமையைத்தான் கேட்டார்கள் என்று பின்னாளில் எழுதினார்.

மொழி முக்கியமில்லையா?

முக்கியம்தான், ஆனால் அது மட்டுமே எல்லையை வகுக்கவில்லை. லத்தீன் கவிதையின் தந்தை என்று போற்றப்பட்ட என்னியஸ், தமக்குக் கிரேக்கம், ஆஸ்கன், லத்தீன் மூன்றும் தெரியும் என்பதால் மூன்று இதயங்கள் உண்டு என்றார். கி.மு. 180இல் குமே நகரத்தார் பொது அலுவல்களில் லத்தீனைப் பயன்படுத்த ரோமிடம் அனுமதி வேண்டினார்கள். திணித்த மொழியாக அல்ல, தகுதியாகக் கருதிக் கேட்ட மொழி அது. பேரரசின் கிழக்குப் பாதி இறுதிவரை கிரேக்கமே பேசியது. மாறாக, இன்றைய துருக்கியிலுள்ள லிசியாவிலிருந்து தூதராக வந்த ஒரு குடிமகனிடம் பேரரசர் கிளாடியஸ் லத்தீனில் கேள்வி கேட்டு, அவருக்கு அது புரியாததைக் கண்டு குடியுரிமையைப் பறித்தார் என்று வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ கூறுகிறார். இதே கிளாடியஸ்தான் கிரேக்கத்தையும் லத்தீனையும் ‘நம் இரு மொழிகள்’ என்றவர்.

கிளாடியஸ் செனட்டில் ஆற்றிய உரை ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

யார் ரோமர் ஆகலாம் என்ற கேள்வி முழுவதும் ஒரே அவையில் வெளிப்படையாக விவாதிக்கப்பட்டது அப்போதுதான். கி.பி. 48இல், இன்றைய பிரான்ஸின் பெரும்பகுதியான கல்லியாவின் தலைவர்கள், ஏற்கெனவே குடிமக்களாக இருந்தவர்கள், செனட்டில் அமரும் உரிமை கேட்டார்கள். செனட்டர்கள் பலர் எதிர்த்தார்கள். இத்தாலியில் ஆளில்லாமல் போய்விட்டதா, நம் பாட்டன்மாரோடு போரிட்டவர்களின் பேரன்களா இங்கே அமர்வது என்று கேட்டார்கள்.

கிளாடியஸ் எழுந்து பதிலளித்தார். அவருடைய சொற்களின் ஒரு பகுதி பொறிக்கப்பட்ட வெண்கலப் பலகை 1528இல் லியோன் நகரில் கிடைத்தது. டாசிட்டஸும் தம் வரலாற்றில் அந்த உரையைத் தம் நடையில் தருகிறார். ஒரே உரையின் இரு வடிவங்கள் நம் கையில் இருப்பது பண்டைய வரலாற்றில் மிக அரிய பேறு. ரோமின் அரசர்களிலேயே நுமா சபீனியர், தார்குவினியஸின் தந்தை கொரிந்தியர், செர்வியஸ் துல்லியஸை எட்ருஸ்கர் வேறு பெயரில் அறிந்திருந்தார்கள் என்று பலகையில் அடுக்கிச் செல்கிறார் பேரரசர். டாசிட்டஸின் வடிவத்தில் வாதம் இன்னும் கூர்மை பெறுகிறது: போரில் வல்லவர்களான ஸ்பார்ட்டரும் ஏதேனியரும் வீழ்ந்ததற்குக் காரணம், தாங்கள் வென்ற மக்களை அந்நியராகவே விலக்கி வைத்தது தவிர வேறென்ன? இன்று பழைமை என்று நாம் போற்றுபவை எல்லாம் ஒருநாள் புதியவையாக இருந்தன. முடிவில், ரோமோடு நெடுநாள் நட்புக் கொண்ட கல்லிய மக்களான ஏடுயியர் முதலில் அந்த உரிமையைப் பெற்றார்கள். கிளாடியஸ் பிறந்ததும் அதே லியோனில்தான்.

அப்படியென்றால் ரோமர்களிடம் பிறர் மீது வெறுப்போ தாழ்வெண்ணமோ இருக்கவில்லையா?

நிறையவே இருந்தது, அதை மூடி மறைத்து ரோமைப் புகழ்வது உண்மைக்குச் செய்யும் துரோகம். சிரியரும் யூதரும் ‘அடிமைத்தனத்துக்கே பிறந்த நாத்தியோக்கள்’ என்று அதே சிசெரோ செனட்டில் பேசினார். ஜூலியஸ் சீசர் கல்லியர் சிலரைச் செனட்டில் சேர்த்தபோது, புதிய உறுப்பினர்களுக்கு யாரும் அவைக்கு வழி காட்ட வேண்டாம் என்று நகரில் சுவரொட்டி வைத்தார்கள். கால்சட்டையைக் கழற்றிவிட்டுச் செனட்டர் உடையைப் போட்டுக்கொண்டார்கள் என்று பாடினார்கள். சிரியாவின் ஒரோன்டஸ் ஆறு ரோமின் டைபரில் வந்து கலக்கிறது என்று ஜுவெனலின் கவிதையில் வரும் ஒருவர் புலம்புகிறார். கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் வேறொரு வழியில் சென்றார்: குளிர் நாட்டார் துணிவுள்ளவர்கள், ஆனால் மந்த புத்தியினர், வெப்ப நாட்டார் கூர்மதியினர், ஆனால் கோழைகள், நடுவே உள்ள இத்தாலிதான் இரண்டும் சமன்பட்ட இடம், ஆகவே உலகை ஆளத் தக்கது. ஒவ்வொரு பேரரசும் தன் தட்பவெப்பத்தை இவ்வாறே கண்டுபிடிக்கிறது.

சிற்பங்களிலும் இதைக் காணலாம். இன்றைய துருக்கியிலுள்ள அஃப்ரோடிசியாஸில், பேரரசர்களுக்காகக் கட்டப்பட்ட கோயில் வளாகத்தில், வெல்லப்பட்ட மக்கள் ஒவ்வொருவரும் ஒரு பெண்ணுருவமாகத் தனித்தனியே நிறுத்தப்பட்டு, கீழே பெயர் பொறிக்கப்பட்டிருந்தார்கள். கி.பி. 70இல் எருசலேம் வீழ்ந்த பின் பேரரசர் வெஸ்பாசியன் வெளியிட்ட ‘யூதேயா பிடிபட்டது’ என்ற நாணயத்தில், பேரீச்ச மரத்தின் கீழ் ஒரு பெண் அமர்ந்து அழுகிறாள். நாத்தியோ என்பது பார்க்கப்படும் பொருள்; பார்ப்பவர் ரோமின் மக்கள்.

கி.பி. 212இல் என்ன நடந்தது?

பேரரசர் கேரகல்லா ஓர் ஆணையால் பேரரசின் சுதந்திர மக்கள் ஏறத்தாழ அனைவருக்கும் குடியுரிமை வழங்கினார். வாரிசு வரி முதலியவை குடிமக்களுக்கே உரியவை என்பதால் வருவாயைப் பெருக்கவே இதைச் செய்தார் என்று சமகாலத்தவரான காசியஸ் டியோ எழுதுகிறார். ஆணையின் வாசகம் என்று கருதப்படும் எகிப்தியப் பாப்பிரஸ் துண்டு, தெய்வங்களுக்கு நன்றி செலுத்துவதைக் காரணமாகக் காட்டுகிறது. எகிப்திலும் சிரியாவிலும் லட்சக்கணக்கானோர் அந்தப் பேரரசரின் குடும்பப் பெயரான ‘ஔரேலியஸ்’ என்பதைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் இதற்குள் குடியுரிமையின் அரசியல் ஆற்றல் தேய்ந்திருந்தது. வாக்களிக்கத் தேர்தலே இல்லை. தண்டனைகளில்கூட, குடிமகனா இல்லையா என்பதைவிட, செல்வர்களான ‘மேன்மக்கள்’, எளியவர்களான ‘கீழோர்’ என்ற பிரிவே கணக்கில் எடுக்கப்பட்டது. எல்லோருக்கும் கதவு திறந்தபோது உள்ளே வேறொரு சுவர் எழுந்திருந்தது.

தமிழில் இச்சொற்களை எப்படி எழுதலாம்?

நாத்தியோவுக்கு ‘இனம்’, கென்ஸுக்கு ‘குலம்’ அல்லது ‘பெருங்குடி’, பொப்புலுஸுக்கு ‘மக்கள்’, ‘கீவித்தாஸ்’ என்பதற்குக் ‘குடியுரிமை’ என்பதே பொருந்தும் என்பது என் கருத்து. ‘தேசம்’ இடத்தைச் சுட்டும் சொல். நாத்தியோவோ பிறப்பைச் சுட்டும் சொல். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் வாக்கியத்தின் கருவே மாறிவிடும். நம் பழம்பாடல்களிலும் வெளியார் பார்வை ஒன்று பதிவாகியிருக்கிறது. பொன்னோடு வந்து மிளகோடு மீளும் கப்பல்கள் முசிறிக்கு வருவதை அகநானூறு பாடுகிறது. அவற்றுக்கு உரியவர்களை அது ‘யவனர்’ என்கிறது. அயோனியக் கிரேக்கரின் பெயரிலிருந்து வந்த சொல் அது. ரோமானியக் குடிமகன், எகிப்தியக் கிரேக்கர் என்ற சட்ட வேறுபாடு துறைமுகத்தில் நின்று பார்ப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய தேவையில்லை.

‘நாத்தியோ’ பின்னர் என்ன ஆயிற்று?

விவிலியத்தின் லத்தீன் மொழிபெயர்ப்பில் கென்ஸும் நாத்தியோவும் பெரும்பாலும் உண்மைக் கடவுளை அறியாத புறத்தாரைக் குறிக்கும் சொற்களாயின. இடைக்காலப் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் மாணவர்களும் ஆசிரியர்களும் பிரெஞ்சு, நார்மன், பிகார்டு, ஆங்கிலம் என்று நான்கு நாத்தியோக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ‘ஆங்கில’ நாத்தியோவில் ஜெர்மானியரும் சேர்ந்திருந்தார்கள். தன் அரசைத் தானே ஆளும் மக்கள் என்ற பொருளை அந்தச் சொல் ஏற்றது அதற்கும் வெகுகாலத்துக்குப் பிறகு. இதற்கிடையே ‘ரோமர்’ என்ற பெயர் கிழக்கே நிலைத்திருந்தது: 1453இல் கான்ஸ்டான்டிநோபிள் வீழ்ந்த நாள்வரை, கிரேக்கம் பேசிய அந்நகரத்தார் தங்களை ‘ரோமையோய்’, அதாவது ரோமர்கள், என்றே சொல்லிக்கொண்டார்கள்.